இரண்டாவது லைன்

புயல் ஓய்ந்து பல நாள் கழித்து, ஒரு பின்னேரம் நெல்லியடிக்குக் கறண்ட் வந்தது. வந்ததும் ஊர் முழுக்க ஒரேயடியாய் இரைச்சல் எழுந்தது. தண்ணி மோட்டர்கள், சந்தைப் பக்கத்து ஐஸ் பெட்டிகள், யாரோ நிற்பாட்ட மறந்த ஒரு ரீவி. கடையின் அலுவலக அறையில் இருட்டுக்குள் உட்கார்ந்திருந்த தர்சிகா தலையை நிமிர்த்தினாள். மேசையிலிருந்த ஃபோன் தன்பாட்டில் முழித்தது. திரையில் எழுத்துகள் ஓடி அடங்கின. அடங்கிய பிறகு இரண்டாவது லைனின் சிவப்பு விளக்கு மினுங்கத் தொடங்கியது.

மெதுவாக. அணைந்து, கொஞ்சம் யோசித்து, பிறகு எரிந்து. யாரையாவது ஹோல்டில் போட்டுவிட்டு மறந்துபோனால் அது அப்படித்தான் மினுங்கும்.

அந்த லைனில் அவள் கடைசியாக ஹோல்டில் போட்டது தன் புருசன் கோகுலனை.

கோகுலன் கடைக்கு இந்த இன்ரர்நெற் ஃபோனைப் பூட்டியபோது ஊரில் சிரிக்காத ஆளில்லை. நெல்லியடியில் ஹாட்வெயார் கடை, புத்தூரில் சீமெந்து ஸ்ரோர், பருத்தித்துறையில் ஓடும் ரைல்சும் விற்கிற சின்னக் கிளை. மூன்றுக்கும் ஒரே நம்பர். அடித்தால் கோகுலனின் குரலே வரவேற்கும். சீமெந்துக்கு ஒன்றை அமத்துங்கோ, கூரைத் தகட்டுக்கு இரண்டை அமத்துங்கோ. "ரெண்டு பை சீமெந்து விக்கிறதுக்கு உவன் பெரியாஸ்பத்திரி மாதிரியெல்லே ஃபோன் வைச்சிருக்கிறான்" என்று சந்தையில் நக்கலடித்தார்கள். அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கம்பி இழுக்கத் தேவையில்லை, இன்ரர்நெற் இருக்கிற இடமெல்லாம் கடைதான் என்பான். அவனுடைய கைபேசியிலும் அதற்கு ஒரு அப் இருந்தது. வன்னியில் நின்றாலும் பக்கத்து மேசையில் இருந்து கதைக்கிற மாதிரி இரண்டாவது லைனில் வருவான்.

புயலடித்த அன்று புத்தூர் ஸ்ரோரைப் பூட்டிவிட்டு மோட்டார்சைக்கிளில் நீரேரியோரத்து வல்லை வெளியால் வந்துகொண்டிருந்தான். இரண்டாவது லைன் அடித்தது. "தர்சி, மதகுக்கு மேலாலை தண்ணி பாயுது, நான்..." என்றான். அதே நேரம் முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்து கத்தின. ஊரில் பாதிப் பேருடைய கூரை பறந்துகொண்டிருந்தது, எல்லாருக்கும் மூடத் தறப்பாள் வேண்டும். "ஒரு நிமிசம் நில்லுங்கோப்பா" என்று சொல்லி அவள் ஹோல்ட் பொத்தானை அமத்தினாள். கடை ஃபோன் எடுக்கிற எவரும் நாள் முழுக்கச் செய்கிற காரியந்தான் அது. தறப்பாள் கேட்டவருக்கு விலை சொல்லி முடிக்குமுன் கறண்ட் போய், எல்லா விளக்கும் அணைந்தது.

மோட்டார்சைக்கிள் வல்லையில் கிடைத்தது. கோகுலன் கிடைக்கவில்லை. நேவி தேடியது, பருத்தித்துறைக் கடற்றொழிலாளர்கள் வள்ளம் கொண்டுவந்து தேடினார்கள். கடல் இழுத்திருக்கும் என்று ஒருவர் மெல்லச் சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. அவள் நம்பவில்லை. நம்பினால் அத்தோடு எல்லாம் முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அவன் உயிரோடு வீட்டுக்கு வரவேண்டும். அந்த நாட்களில் அவளுக்கு அதைவிட வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை, சோறுகூட.

இப்போது அந்த விளக்கு மினுங்கியது. அவள் இரண்டாவது லைனை அமத்தினாள். ஹோல்டை எடுத்தால் விளக்கு நின்று எரிய வேண்டும். அது மினுங்கிக்கொண்டே இருந்தது. றிசீவரைக் காதில் வைத்தாள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு தண்ணீர். குழாய்த் தண்ணீரோ மழையோ இல்லை. பரந்து கிடக்கிற தண்ணீர் மண் கரையில் தட்டித் தட்டித் திரும்புகிற சத்தம். அதற்குள் நீர்க்கொடிகள் எங்கோ உரசின. அழுகின கண்டல் இலையும் உப்புச் சேறும் மணக்கிற மாதிரி இருந்தது. ஃபோனில் மணம் வராது என்று தெரிந்தும் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பிறகு, மிகவும் கிட்டத்தில், வாய்க்குள் தண்ணீர் நிறைந்த ஒருவர் கதைப்பதுபோல,

"தர்சி. லைனிலை நிக்கிறியே?"

"நிக்கிறன்" என்றாள். மறுபடி சொன்னாள். "நிக்கிறனப்பா. எங்கை இருக்கிறியள்? சொல்லுங்கோ, எங்கை?"

"தர்சி. லைனிலை நிக்கிறியே?"

அவளுக்கு அவன் குரல் கேட்டது. அவனுக்கு அவள் குரல் கேட்கவில்லை. அவள் கத்திப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், மேசையில் தட்டிப் பார்த்தாள். அவன் அதே கேள்வியை அதே பொறுமையோடு கேட்டுக்கொண்டிருந்தான்.

றிசீவரைத் தோளில் இடுக்கியபடியே கைபேசியில் கோகுலனின் நம்பரை அடித்தாள். நிறுத்தப்பட்டிருக்கிறது என்று வந்தது. அடுத்ததாகத் தனோஜனுக்கு அடித்தாள். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து இந்த ஃபோனெல்லாம் பூட்டித் தந்தவன் அவன். நல்ல பிள்ளை, எதைக் கேட்டாலும் சலிக்காமல் விளக்குவான்.

"அக்கா, கறண்ட் போய் வந்தால் எல்லாம் புதுசாத்தான் தொடங்கும். பழைய கோல் ஒண்டும் நிக்க ஏலாது" என்றான். "பொறுங்கோ, இஞ்சையிருந்தே பாக்கிறன்."

விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"ஓம் அக்கா. ஒண்டு நிக்குது, அண்ணையின்ரை நம்பர். உது செத்த கோல். சில நேரம் இப்பிடி மாட்டுப்பட்டு நிக்கிறதுதான். நான் வெட்டிவிடுறன்."

"வெட்டாதை தம்பி."

"உதாலை ஒரு பிரயோசனமும் இல்லையக்கா. கதைக்கிற குரலைச் சின்னச் சின்னத் துண்டாக்கித்தான் உது இன்ரர்நெற்றாலை அனுப்பும். அந்தப் பக்கத்தாலை ஒரு துண்டும் வராட்டில் கொஞ்ச நேரத்திலை தானா..." அவன் நிறுத்தினான். மறுபடி விசைகள். "வருது" என்றான்.

"என்ன வருது?"

"அந்தப் பக்கத்தாலை வந்துகொண்டிருக்கக்கா. விடாமல் வருது. இஞ்சாலை இருந்துதான் ஒண்டும் போகேல்லை. அண்ணைக்கு உங்கடை குரல் கேக்காது. நீங்கள் ஹோல்டிலை போட்ட அந்தச் சத்தந்தான் கேட்டுக்கொண்டிருக்கும்."

ஹோல்டில் போட்டால் வழமையாய்ப் பாட்டு வரும். கோகுலன் பாட்டைத் தூக்கிவிட்டுத் தன் குரலையே பதிந்து வைத்திருந்தான். கொஞ்சம் பொறுங்கோ, இப்ப எடுக்கிறம், எங்களிட்டை எல்லா வகை ரைல்சும் கிடைக்கும். புயலடித்த நாளிலிருந்து அவன் தன் குரலையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு எங்கோ கிடக்கிறான் என்ற நினைவு தர்சிகாவுக்கு வந்தது.

"அக்கா" என்றான் தனோஜன். குரல் மாறியிருந்தது. "அண்ணையின்ரை ஃபோனிலை இவ்வளவு நாளைக்குப் பற்றரி நிக்காதக்கா."

அவன் மெல்ல லைனை வைத்தான். பிறகு அவள் எத்தனை தரம் அடித்தும் அவன் எடுக்கவில்லை.

அறையை விட்டு அவள் எழும்பவில்லை. வீடு கடைக்குப் பின்னால்தான், ஒரே வளவு. மாமி பத்மாவதி ஒரு கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார். தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியது. வெளியே மழை துமித்தது. தர்சிகா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்படித்தான் பஸ்ஸைக் கண்டுபிடித்தாள். பருத்தித்துறையில் இருந்து யாழ்ப்பாணம் போகிற தனியார் பஸ் ஒன்று கடை வாசலால் போனது. பாட்டுப் படிக்கிற அந்த ஹோர்னை நெல்லியடியில் எல்லாருக்கும் தெரியும், காதைப் பொத்திக்கொள்வார்கள். அது போய்க் கொஞ்ச நேரத்தில், றிசீவருக்குள், தண்ணீருக்கு மேலே எங்கோ உயரத்தில், அதே ஹோர்ன் கேட்டது. சில்லுகள் எதன் மேலோ தடதடத்துக் கடந்தன.

அவன் றோட்டுக்குக் கீழே கிடக்கிறான். வல்லையில், ஏதோவொரு மதகுக்குக் கீழே. இன்னும் உயிரோடு.

நடராசா அண்ணையிடம் ஓடினாள். கடை லொறி அவருடைய பொறுப்பு. கோகுலனைப் பள்ளிக்கூடப் பொடியனாய் இருந்த காலத்திலிருந்து தெரிந்த மனிசன். விளக்கம் கேட்காமல் லொறியை எடுத்தார். பொழுது சாய இன்னும் நேரம் கிடந்தது, ஆனால் மழை மேகத்தில் வெளிச்சம் செத்துக்கொண்டிருந்தது. அவள் திரும்பி வந்து கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள். றிசீவர் ஒரு காதில்.

"வல்லைக்கு வந்திட்டன் பிள்ளை."

"ஹோர்னை அடியுங்கோ அண்ணை."

கைபேசியில் ஹோர்ன் கேட்டது. றிசீவரில் தண்ணீர் மட்டும்.

"இன்னும் கொஞ்சம் போய் அடியுங்கோ."

கைபேசியில் கேட்டது. றிசீவரில், மிகத் தூரத்தில், கொசு இரைகிற அளவுக்கு.

"கேக்குது. போங்கோ அண்ணை. போய்ப் போய் அடியுங்கோ."

ஒவ்வொரு தரமும் அது கிட்ட வந்தது. அவளுக்குச் சந்தோசம் என்று சொல்லக்கூடிய ஏதோ ஒன்று வந்தது. இத்தனை நாளில் முதல் தரமாக அவனுக்காக ஏதோ செய்கிறாள். ஒரு கட்டத்தில் இரண்டு காதிலும் ஹோர்ன் ஒரே அளவாய் அலறியது.

"அதிலை நிப்பாட்டுங்கோ. இறங்குங்கோ. கீழை பாருங்கோ."

லொறிக் கதவு சாத்துகிற சத்தம் இரண்டு பக்கத்தாலும் வந்தது. கால் சேற்றுக்குள் புதைகிற சத்தம். நடராசா அண்ணையின் மூச்சு. கண்டல் கொப்புகள் முறிகிற சத்தம். "ஒண்டும் தெரியேல்லை பிள்ளை, ஒரே குப்பையா அடைச்சுக் கிடக்கு. பொறு, இதிலை ஒரு சேட்டு..." என்றது கைபேசி.

றிசீவரில் அவருடைய மூச்சு காதுக்குள்ளேயே கேட்டது. குனிந்து முகத்துக்கு நேரே பார்க்கிற ஒருவருடைய மூச்சு.

பிறகு அவர் கத்தினார். வயதான ஆம்பிளை ஒருவர் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. சேற்றில் விழுந்து எழும்பி ஓடுகிற சத்தம், ஓங்காளிக்கிற சத்தம்.

"தர்சி" என்றது றிசீவர். "நடராசா அண்ணை ஏன் என்னைப் பாத்திட்டு ஓடுறார்?"

மறுநாள் காலை மந்திகை ஆஸ்பத்திரியில் கோகுலனின் தம்பி சிவரூபன்தான் போய் அடையாளம் காட்டினான். போட்டிருந்த சேட்டையும் மோதிரத்தையும் வைத்துத்தான் காட்டினானாம். முகத்தைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. உடம்பு போன நிலையில் வீட்டில் வைக்க ஏலாது, பெட்டியைத் திறக்கக்கூடாது, அன்றைக்கே எடுக்க வேண்டும் என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

அந்தக் காலையில் அவள் ஒரே ஒரு தரம் றிசீவரை எடுத்தாள். ஏதோ இரும்பு தட்டில் வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. ஆரோ இரண்டு பேர் மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிக் கதைத்தார்கள். "தர்சி, இவை என்ன செய்யினம்?" என்று கோகுலன் கேட்டான். அவள் றிசீவரை வைத்துவிட்டு மேசைக்குக் கீழே போய் இருந்தாள்.

பெட்டி வந்தது. செத்தவீட்டுக்குச் சனம் நிறைந்தது. கற்பூரமும் சாம்பிராணியும் பன்னீரும் எவ்வளவு போட்டும் அந்த மணத்தை அமத்த முடியவில்லை. முற்றத்தில் பறை தொடங்கியது. தர்சிகா பெட்டியின் பக்கத்தில் இருக்கவேண்டியவள். அவள் பெண்களின் கையைத் தட்டிவிட்டு எழும்பிக் கடைக்குள் ஓடினாள். இரண்டாவது லைன் மினுங்கிக்கொண்டிருந்தது.

றிசீவருக்குள் பறை அடித்தது. பலகைக்கு அந்தப் பக்கம் அடிக்கிற மாதிரி, மூடுண்டு. சடங்குக்காக உரலில் சுண்ணம் இடிக்கிற சத்தம் வந்தது. மாமியின் ஒப்பாரி வந்தது, மிகவும் கிட்டத்தில், பெட்டியில் தலையை வைத்து அழுகிறவரின் மூச்சோடு.

"தர்சி. இருட்டாக் கிடக்கு. அம்மா ஏன் அழுறா?"

அவள் சிவரூபனைக் கையில் பிடித்து இழுத்து வந்தாள். "ரூபன், கேட்டுப் பாரும். உங்கடை கொண்ணை. பெட்டிக்குள்ளை கதைக்கிறார். திறக்கச் சொல்லும். ஒருக்காத் திறந்து பாத்தால் போதும்."

அவன் றிசீவரைக் காதில் வைத்தான். கொஞ்ச நேரம் கேட்டான். அவன் முகத்தில் இரக்கத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

"இரைச்சல்தான் அண்ணி கேக்குது. வேறை ஒண்டும் இல்லை. வாங்கோ, ஐயர் கூப்பிடுறார்."

"எரிக்காதேங்கோ ரூபன். மண்ணுக்குள்ளை தாக்கிறதெண்டாலும் தாக்குங்கோ. எரிக்காதேங்கோ. அவருக்கு எல்லாம் தெரியுது, எல்லாம் நோகுது."

"அண்ணி" என்றான் அவன். அழத் தொடங்கினான்.

பெட்டியைத் தூக்கினார்கள். பெண்கள் வாசல் படலையோடு நிற்க வேண்டும், அதுதான் வழமை. சுடலைக்கு ஆம்பிளைகள்தான் போவார்கள். தர்சிகா படலையைத் தாண்டினாள். நாலைந்து பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்து உள்ளே இழுத்தார்கள். பிடித்தவர்கள் எல்லாருமே அழுதார்கள். அவள் திமிறினாள், கடித்தாள், கடைசியில் காலில் விழுந்தாள். அவர்கள் அவளைத் தண்ணீர் வார்த்துக் குளிப்பாட்டக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார்கள். கிணற்றடியில் பிடி தளர்ந்தபோது, ஈரச் சீலையோடு கடைக்குள் புகுந்து உள்ளே கதவைப் பூட்டினாள்.

சிவரூபனுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. நடராசா அண்ணைக்கு அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. கொள்ளி வைக்கிற இடத்தில் ஆர் ஃபோன் எடுப்பார்கள்.

இரண்டாவது லைன்.

"தர்சி, என்னை எங்கையோ தூக்கிக்கொண்டு போயினம். ஆடுது."

பறை. கால்கள். சங்கு.

"இறக்கிப் போட்டினம். மேலை பாரம் அடுக்கினம்."

விறகு. ஒவ்வொன்றாய். ஆரோ இருமினார்கள். மண் முட்டி ஒன்று உடைந்தது.

பிறகு நிசப்தம். நீண்ட நிசப்தம். மண்ணெண்ணெய் மணக்கிற மாதிரி இருந்தது.

மெல்லச் சடசடப்பு.

"தர்சி."

அவள் கேட்டாள்.

"தர்சி, சூடாக் கிடக்கு."

சடசடப்பு பெருத்தது.

"ஹோல்டை எடு தர்சி. ஒருக்கா எடு."

அவள் எல்லாப் பொத்தானையும் அமத்தினாள். ஒவ்வொன்றையும், இரண்டு கையாலும். அவன் குரல் ஏறியது. சொல்லில்லாமல் ஏறியது. இவ்வளவு நாளும் அந்த லைன் அறுந்துவிடக்கூடாது என்று காத்துக்கிடந்தவள் மேசைக்குக் கீழே பாய்ந்து வயரைப் பிடுங்கினாள். கறண்ட் வயர். இன்ரர்நெற் வயர். சுவரிலிருந்த பெட்டியையும் இழுத்து விழுத்தினாள். வயர்கள் அவள் கையில் தொங்கின.

மேசைமேல் விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. றிசீவர் கத்திக்கொண்டிருந்தது.

அவள் அதை வைக்கவில்லை. அவனைத் தனியே எரியவிட மனம் வரவில்லை. சுவரோடு சரிந்து உட்கார்ந்து, றிசீவரைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கேட்காத அவனுக்கு "நிக்கிறன், நிக்கிறன்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். அது முடிய நெடுநேரம் எடுத்தது.

மறுநாள் விடியக் காடாத்து. சாம்பலுக்குப் பால் தெளித்து, எலும்பு பொறுக்கி, முட்டிக்குள் போட்டு வெள்ளைத் துணியால் வாய் கட்டினார்கள். சிவரூபன் திரும்பி வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது தர்சிகா கடைக்குள் இருந்து வந்தாள். அதே சீலை, உடம்பிலேயே காய்ந்திருந்தது. ஒரு பக்கக் காது சிவந்து கன்றியிருந்தது.

"முட்டி எங்கை ரூபன்?"

"சுடலையடியிலை மரத்திலை கட்டியிருக்கண்ணி. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குத்தானே கீரிமலைக் கடலுக்குக் கொண்டுபோறது. அதுமட்டும் அங்கை இருக்கட்டும் எண்டு ஐயர் சொன்னவர்."

"இண்டைக்கே கடலிலை விடும்."

"அண்ணி, அது முறையில்லை."

"அவருக்கு இன்னும் எரியுது." அவள் கத்தவில்லை, அழவுமில்லை. கேட்டுக் கேட்டுக் களைத்துப்போன ஒருத்தியின் குரல் அது. "ராத்திரி முழுக்கத் தண்ணி கேட்டவர். வேறை ஒண்டும் கேக்கேல்லை. தண்ணி மட்டுந்தான். அவரைத் தண்ணிக்குள்ளை விடும் ரூபன். ஆறட்டும். இனி உங்களிட்டை ஒண்டும் கேக்கமாட்டன்."

கொழுந்தன் என்றும் பாராமல் அவன் காலில் குனிந்தாள். அவன் பதறிப் பின்னுக்குப் போனான். கதவடியில் நின்ற மாமி, "அவள் சொல்லுறபடி செய் தம்பி" என்றார். அவருக்கும் அதற்குமேல் தாங்க ஏலாமல் இருந்தது.

சிவரூபனும் நடராசா அண்ணையும் லொறியில் பருத்தித்துறைக்குப் போனார்கள். கீரிமலை தூரம், பருத்தித்துறைக் கடல் கிட்ட. தர்சிகா மேசையில் இருந்தாள். வயரில்லாத ஃபோன். மினுங்குகிற விளக்கு. றிசீவருக்குள் முட்டியின் ஒடுங்கிய இருட்டில் அவன் குரல் தேய்ந்து, சருகு உரசுகிற மாதிரிக் கேட்டது. தண்ணி. தண்ணி. லொறி குலுங்கியது. குலுங்கும்போதெல்லாம் ஏதோ ஒன்றோடொன்று மோதிக் கிலுகிலுத்தது. அது என்னவென்று அவள் நினைக்கவில்லை.

"கொஞ்சந்தான். இந்தா வந்திட்டுதப்பா" என்றாள்.

கடல் கேட்டது. அலை. நடராசா அண்ணை, "இதிலை விடுவம் தம்பி, காத்து அங்கால் பக்கம் வீசுது" என்றார். துணி அவிழ்கிற சத்தம். சட்டென்று குரலைச் சுற்றி வெளி விரிந்தது. பிறகு மணலை அள்ளித் தண்ணீரில் எறிந்ததுபோல ஒரு சத்தம்.

தாகத்தோடு கிடந்தவன் முதல் மிடறு இறங்கும்போது விடுகிற அந்த மூச்சு.

அலை.

வேறொன்றுமில்லை.

இரண்டாவது லைனின் விளக்கு அணைந்தது. தர்சிகா அது திரும்ப எரியும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எரியவில்லை. றிசீவரை எடுத்துப் பார்த்தாள், வயரில்லாத ஃபோன் எப்படி இருக்குமோ அப்படிச் செத்துக் கிடந்தது. அவள் மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். இத்தனை நாளில் அது ஒன்றுதான் அவளுக்குக் கிடைத்த நிம்மதி. அவன் ஆறிவிட்டான். முறையோ முறையில்லையோ, தான் செய்தது சரி என்று நினைத்தாள். கண் சொருகியது.

இமைக்கு வெளியே ஏதோ சிவப்பாய் எரிந்தது.

முதலாவது லைன் மினுங்கியது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது. பிறகு நாலாவது. பிறகு இரண்டாவது. பிறகு ஒருநாளும் பாவிக்காத பொத்தான்கள், புத்தூர் ஸ்ரோரின் பொத்தான், பருத்தித்துறைக் கிளையின் பொத்தான், எல்லாம். மேசை முழுக்கச் சிவந்தது. ஒன்றும் ஒன்றோடு சேர்ந்து மினுங்கவில்லை. ஒவ்வொன்றும் தன்பாட்டில், தனித்தனியாய்.

முதலாவதை அமத்தினாள்.

"தர்சி. லைனிலை நிக்கிறியே?"

மூன்றாவதை அமத்தினாள்.

"தர்சி. எங்கை நீ?"

நாலாவது. "தர்சி, நான் இஞ்சை தனிச்சுப்போனன்."

கைபேசி அடித்தது. சிவரூபன். பின்னால் ஒரே ஃபோன் மணிச் சத்தம்.

"அண்ணி, நாங்கள் கால் கழுவிப்போட்டுக் கிளைக்கு வந்தனாங்கள். இஞ்சை எல்லா ஃபோனும் அடிக்குது. எடுக்க எடுக்க அடிக்குது." பின்னால் இன்னொன்று அடித்தது. "உங்களைத்தான் கேக்கினம் அண்ணி."

"ஆர்?"

கைபேசி அவன் கையிலிருந்து விழுகிற சத்தம் கேட்டது.

ஃபோனின் திரையில் வெளிச்சம் வந்தது. லைன்கள் எல்லாம் நிறைந்துவிட்டால், மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள். எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று அடியில் எண் காட்டும். அந்த எண் ஏறிக்கொண்டிருந்தது. ஒன்றொன்றாக ஏறவில்லை. சாம்பலை அள்ளிப்போகிற ஓர் அலை விரிந்து அகலுகிற நேரத்துக்கு ஓய்ந்து நின்று, பிறகு ஒரேயடியாய்க் குபீரென்று ஏறியது. திரையில் இடம் போதாமல் எண் ஓரத்தில் வெட்டுப்பட்டது. பிறகும் ஏறியது.

தர்சிகா கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தாள். சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். முதலாவதை அமத்தினாள்.

"ஓம்" என்றாள். "நிக்கிறன்."

கொஞ்சம் பொறுத்தாள். அடுத்ததை அமத்தினாள்.